பலாமரத்து மாதன் வீட்டுக் கார்டு

சென்னை
4-3-1963

அன்புள்ள தங்கை பொன்னாயிக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று சேந்தமங்கலத்திலிருந்து கடிதம் வந்தது.

கொல்லிமலை வீட்டுக் கணக்கெடுப்பை ஆரம்பம் முதல் கடைசி வரை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். படிவம் அச்சடிப்பது, ஆள் பிடிப்பது, மலையிலிருந்து படிவங்களை இறக்குவது, சரிபார்ப்பது, எந்திரத்தில் ஏற்றுவது, முடிவை மேலே கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வேலை பிந்தினால் அடுத்ததெல்லாம் பிந்தும். சாப்பிடும்போதுகூட அந்தத் தாள்தான் கண்முன் நிற்கிறது.

எந்திரம் என்றால் பயப்படாதே. வீட்டுக்கு ஒரு கார்டு. அதில் எண்பது கட்டம். மலையில் எந்த நாடு, அந்த நாட்டில் எந்த ஊர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன வெள்ளாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை. எந்திரம் ஓட்டைகளைத் தடவிப் பார்த்து எண்ணிவிடும். குமாஸ்தாக்கள் வருஷக்கணக்காகச் செய்வதை மாதக்கணக்கில் முடித்துவிடலாம்.

கிராம சேவிகாவாகப் போன நாளிலிருந்து, பிரசவம் பார்க்க ஒரு நர்சம்மாவை அனுப்பச் சொல்லி எத்தனை மனு எழுதியிருப்பாய்? இப்போது வழி பிறந்திருக்கிறது. நானூறு வீட்டுக்கு மேல் உள்ள நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நர்சம்மா, ஒரு மருந்து அறை. கணக்கு நேரத்தோடு முடிந்தால் கார்த்திகைக்குள் வந்துவிடுவார்கள். திண்ணனூர் நாட்டுக்கு நீதான் மேற்பார்வை. மாட்டேன் என்று சொல்லாதே.

உன் அண்ணன்,
அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
22-3-1963

அன்புள்ள அண்ணனுக்குப் பொன்னாயி வணக்கம். நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் நலம்தானே. தபால்காரர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் மலையேறுகிறார். பதில் பிந்தினால் கோபிக்கக் கூடாது.

மாட்டேன் என்று ஏன் சொல்கிறேன்? நான் குடியிருக்கும் வீட்டுக்காரி கண்ணாயிக்குப் போன வருஷம் வலி கண்டபோது தூளி கட்டி நாலு பேர் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறக்கினார்கள். நானும் கூடப் போனேன். பாதி இறக்கத்தில் குழந்தை பிறந்து, பிறந்த இடத்திலேயே போய்விட்டது. அவளைத் திரும்ப மேலே தூக்கி வந்தோம். அந்த நாளை நான் மறக்கவில்லை. நர்சம்மா வரட்டும், எத்தனை வீடு வேண்டுமானாலும் ஏறி இறங்குகிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே மூத்த மகனுக்கு அப்பனைப் பெற்றவரின் பெயர்தான். அதனால் ஓர் ஊருக்குள்ளேயே காத்தான் மகன் மாதன் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆளை அடையாளம் சொல்வது வீட்டை வைத்துத்தான். கண்ணாயியின் புருஷன் பலாமரத்து மாதன். அடுத்தவர் சுனையோரத்து மாதன். இன்னொருவர் பாறை ஊட்டு மாதன். உங்கள் படிவத்தில் வீட்டு அடையாளம் எழுத இடமே இல்லை. ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள்.

கண்ணாயியிடம் கார்டைப் பற்றிச் சொன்னேன். “ஏனுங்க, ஓட்ட போட்ட அட்டைக்கு எங்க ஊடு தெரியுமுங்களா?” என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
பொன்னாயி


சென்னை
2-4-1963

அன்புள்ள பொன்னாயிக்கு. எல்லோரும் சுகம். உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

கண்ணு, நீ கேட்பது நடக்காது. படிவம் பன்னிரண்டாயிரம் அச்சாகி வந்துவிட்டது. கார்டிலும் எண்பது கட்டம் நிறைந்துவிட்டது. பலாமரத்துக்கும் சுனைக்கும் ஓட்டை போட எங்கே போவேன்? பெயர், தகப்பன் பெயர், வயது மூன்றும் இருந்தால் போதும், ஆளுக்கு ஆள் பிரிந்துவிடும். ஆபீசரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டேன்.

இப்போதே அச்சகத்தில் ஒன்பது நாள் பிந்திவிட்டது. நீயும் புதுச் சிக்கல் கிளப்பாதே. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவள் கதையாக, ஆபீசர் தினமும் காலையில் வந்து “கார்டு ஓடுகிறதா?” என்கிறார். படிவமே இன்னும் மலையேறவில்லை.

ஜூன் இருபதுக்குள் படிவங்கள் காரவள்ளிக்கு இறங்கிவிட வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
19-6-1963

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நலம். மழை பிடித்துக்கொண்டது. அட்டைக்கடி தவிர வேறு குறை இல்லை.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டேன். என் நோட்டில் எண்ணிப் பார்த்தேன். நானூற்று முப்பத்தொரு வீடு. படிவங்களை எண்ணெய்த்தாளில் சுற்றி இரண்டு தகர டின்னில் அடைத்துச் சுமைக்காரர் சின்னராசு தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு போகிறார். வழுக்குப் பாறையில் டின்னை விட்டுவிடாதீர்கள் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். “அம்மிணி, நான் உழுந்தாலும் டின்னு உழுவாதுங்க” என்றார்.

வயது கேட்பதுதான் பெரும்பாடு. பெரிய இடி விழுந்த வருஷம் பிறந்தேன் என்கிறார்கள், சாமை பொய்த்த வருஷம் என்கிறார்கள். எழுத வந்த வாத்தியார்கள் ஆளின் முகத்தைப் பார்த்து முப்பது, நாற்பது, ஐம்பது என்று போட்டுவிட்டார்கள். எனக்கு அது அவ்வளவு திருப்தி இல்லை. ஆனால் வேறு என்ன செய்வது?

பலாமரத்து மாதன் வீட்டுப் படிவத்தை நானே எழுதினேன். மாதன், அவன் அம்மா, கண்ணாயி, பையன். ஆண் இரண்டு, பெண் இரண்டு. “மூணாவது பொண்ணையும் எழுதிக்கோங்க” என்று கண்ணாயி சிரித்தாள். முழுகாமல் இருக்கிறாள். தை மாதம் என்று கணக்குச் சொல்கிறாள். பிறக்காத ஆளை எழுத முடியாது என்றேன். தைக்குள் நர்சம்மா வந்துவிடுவார் இல்லையா?

பொன்னாயி


சென்னை
30-7-1963

அன்புள்ள பொன்னாயிக்கு. சுகம். அண்ணிக்கு ஒரு வாரமாகச் சளி. டின் இரண்டும் நனையாமல் வந்து சேர்ந்தன. சின்னராசுக்கு என் நன்றியைச் சொல்.

பதில் எழுத நேரமே இல்லை. ஓட்டை போடும் பெண்கள் ஆறு பேரில் இருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். எந்திரம் ஒன்று கார்டை மென்று துப்புகிறது. சுவரில் உள்ள தாளில் சிவப்புக் கோடு பதினோரு நாள் பின்னால் நிற்கிறது. இரவில் தூக்கம் வந்தாலும் கனவில் கார்டு ஓடுகிறது. சரிபார்க்கும் பிரிவிலிருந்து படிவங்களைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு வந்தார்கள். அங்கேயே நின்றபடி ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் வேலை மளமளவென்று நடக்கிறது.

இந்த வேலை நேரத்தோடு முடிந்தால் என்னைப் பிரிவுத் தலைவராகப் போட ஆபீசர் எழுதுவார் என்று பேச்சு. அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

அண்ணன்


திண்ணனூர் நாடு
25-8-1963

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நலம். அண்ணியின் சளிக்கு இங்கிருந்து மிளகு அனுப்பியிருக்கிறேன்.

நர்சம்மாவுக்கு அறை தயார். ஊர்க்காரர்களே சுவர் வைத்துக் கூரை போட்டார்கள். கண்ணாயி சாணி மெழுகினாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர் அப்பாசாமி போகும்போதும் வரும்போதும் “என்னிக்குங்க வாராங்க?” என்று கேட்கிறார். கார்த்திகை என்கிறேன்.

முடிவு எப்போது வரும்? ஒரு வரி எழுதினால் போதும்.

பொன்னாயி


சென்னை
10-10-1963

அன்புள்ள பொன்னாயிக்கு. நலம். மிளகு கிடைத்தது.

கணக்கு முடிந்து மேலே போய்விட்டது. சொன்ன தேதிக்கு இரண்டே நாள்தான் தாமதம். ஆபீசர் எல்லோர் முன்னாலும் கையைக் குலுக்கினார். எடப்புளி நாட்டையும் சேர்த்து மூன்று நாடுகள் தேறியிருக்கின்றன. திண்ணனூர் நாட்டுக்கு முந்நூற்று அறுபத்திரண்டு வீடு வந்திருக்கிறது. வருத்தம்தான். எந்திரம் இரண்டு முறை எண்ணிவிட்டது, அது ஆள் பார்த்து எண்ணாது. எடப்புளிக்கு வரும் நர்சம்மா அவசரத்துக்கு உங்களுக்கும் உதவுவார் அல்லவா?

தீபாவளிக்குச் சேந்தமங்கலம் இறங்கி வா. அம்மா எதிர்பார்க்கிறாள்.

அண்ணன்,
அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
18-10-1963

அண்ணனுக்கு வணக்கம். நலம்.

நான் எண்ணியது நானூற்று முப்பத்தொன்று. உங்களுக்கு வந்தது முந்நூற்று அறுபத்திரண்டு. நடுவில் அறுபத்தொன்பது வீடு எங்கே போயிற்று? டின்னிலிருந்து காணாமல் போகவில்லை, சேர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடுகளில் அடுப்பு எரிகிறது, நான் தினமும் பார்க்கிறேன்.

எடப்புளிக்கு நடந்தால் அரை நாள், அதுவும் மழையில்லாத நாளில், வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களுக்கு. உங்கள் சுவரில் ஒட்டிய தாளில் அந்த ஏற்ற இறக்கம் தெரியாது.

நேற்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. அப்பாசாமி மட்டும் கேட்டார்: “அப்ப நாங்க எல்லாரும் இருக்கறமா இல்லீங்களா?” நான்தானே படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றேன்? என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள்.

எந்த அறுபத்தொன்பது என்று பார்த்து எழுதுங்கள். தீபாவளிக்கு வரவில்லை.

பொன்னாயி


சென்னை
5-11-1963

பொன்னாயிக்கு. நலம். விசாரித்து வருகிறேன். ஆபீசர் லீவில் இருக்கிறார். பழைய படிவங்கள் கீழ்த்தளத்தில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, தேடுவது எளிதல்ல. இது பற்றி ஆபீஸ் விலாசத்துக்கு எழுத வேண்டாம், வீட்டுக்கே எழுது. பதற்றப்படாதே.

அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
2-12-1963

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். இங்கு எல்லோரும் இருக்கிறோம்.

மழை நின்றதும் மறுபடி வீடு வீடாகப் போனேன். இத்துடன் இருப்பது நானூற்று முப்பத்தொரு வீட்டுப் பட்டியல். பெயர், தகப்பன் பெயர், அதற்குப் பக்கத்தில் வீட்டு அடையாளம், அதற்குப் பக்கத்தில் கைரேகை. கட்டம் போதுமா என்று பார்க்கவில்லை, தாளை நீளமாக ஒட்டிக்கொண்டேன். ஒரு கைரேகை போல் இன்னொன்று இருக்காது என்று உங்கள் ஆபீசருக்கும் தெரியும்.

கண்ணாயிக்குக் கால் வீங்கியிருக்கிறது. தலை சுற்றுகிறது என்கிறாள். கேழ்வரகு அறுப்புக்குப் போகாதே என்றேன். “படுத்துக்கிட்டா ஆரு சாமி அறுக்கறது?” என்கிறாள். எனக்கு இதெல்லாம் என்னவென்று தெரியவில்லை, தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது அண்ணா. எழுதாமல் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

பொன்னாயி


சென்னை
30-12-1963

அன்புள்ள பொன்னாயிக்கு. நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காக.

அறுபத்தொன்பது படிவமும் இருக்கின்றன. சரிபார்க்கும் பிரிவின் அலமாரிக்கு அடியில் ஒரே கட்டாகச் சணலில் கட்டிக் கிடந்தன. மேலே ஒரு சீட்டு. ‘ஒரே ஊரில் பெயரும் தகப்பன் பெயரும் வயதும் ஒன்றாக வந்தால் இரண்டு முறை எழுதியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளவும்.’ அது என் கையெழுத்து. ஜூலை மாதம் டீ குடித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தது. நீ மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். எனக்கு நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். நினைவு வந்தது, சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தப் படிவக் கட்டை நான் இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. நவம்பர் முதல் தேதியே கண்டுபிடித்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். பதவி உயர்வுக் காகிதம் கையெழுத்தாகும் வரை பொறுக்கலாம் என்று நினைத்தேன். உனக்கு அந்தச் சின்னக் கடிதத்தை எழுதியது அதற்குப் பிறகுதான். கீழ்த்தளமாவது, தேடலாவது. ஆபீசர் லீவிலும் இல்லை.

உன் கைரேகைப் பட்டியல் வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. போன வாரம் ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது, அது போகட்டும். அறுபத்தொன்பது கார்டுக்கும் நானே உட்கார்ந்து ஓட்டை போட்டேன். ஒவ்வொன்றாக, உன் பட்டியலோடு ஒப்பிட்டு. திண்ணனூர் நாடு நானூற்று முப்பத்தொன்று. உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. தை பதினைந்தாம் தேதி நர்சம்மா மலையேறுவார். அதற்கு முன்னால் கொண்டுவர எத்தனையோ கதவைத் தட்டிப் பார்த்தேன், முடியவில்லை.

கட்டுக்குள் முதலாவதாக இருந்த படிவம்: மாதன், தகப்பன் காத்தான், வயது முப்பது, ஆண் இரண்டு, பெண் இரண்டு. அது பலாமரத்து வீடா, சுனையோரத்து வீடா? கண்ணாயி எப்படி இருக்கிறாள்? உடனே எழுது.

அண்ணன்,
அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
9-2-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

தை பதினைந்தாம் தேதி நர்சம்மா வந்துவிட்டார். சின்னராசுதான் அவருடைய பெட்டியைச் சுமந்து வந்தார். நாங்கள் போட்ட அறையில் இருக்கிறார். நல்ல பெண்மணி, வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். தினமும் காலையில் பத்துப் பெண்களாவது வருகிறார்கள். அப்பாசாமி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். “நாங்க இருக்கறமுன்னு எழுதிட்டாங்களா, போதுமுங்க” என்றார்.

உங்கள் கடிதம் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. நாலு முறை பதில் எழுதக் காகிதம் எடுத்தேன்.

அந்தப் படிவம் பலாமரத்து மாதன் வீட்டுடையதுதான். சுனையோரத்து மாதன் வீட்டில் பெண் மூன்று.

கண்ணாயிக்குத் தை ஆறாம் தேதி காலையில் வலிப்பு வந்தது. எடப்புளிக்குத் தூளி கட்டினோம். இந்த முறை ஆறு பேர், மாற்றி மாற்றித் தூக்க. நான் பக்கத்தில் நடந்தேன். ஓடையைத் தாண்டும் இடத்தில் குழந்தை பிறந்தது. அழுதது. கண்ணாயி அதன் சத்தத்தைக் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன், என் கையைப் பிடித்திருந்த பிடி அப்போது இறுகியது. பிறகு ரத்தம் நிற்கவில்லை. நாங்கள் ஆள் அனுப்பிச் சொன்னதும் எடப்புளி நர்சம்மா எதிரே ஓடி வந்தார். அவர் வந்து சேரும்போது உச்சி வெயில். குழந்தையைத்தான் கையில் வாங்க முடிந்தது.

உங்களைக் குறை சொல்ல ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். படிவத்தில் வயது முப்பது என்று எழுதியது நான். தெரியாது என்று எழுதியிருக்கலாம்.

பெண் குழந்தை. இங்கே முதல் பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயர்தான் வைப்பார்கள். மாதன் அதற்குச் சம்மதிக்கவில்லை. கண்ணாயி என்றே வைத்துவிட்டான். பக்கத்து வீட்டில் பால் கொடுக்கிறார்கள், நர்சம்மா வாரம் ஒரு முறை எடை பார்க்கிறார். நன்றாக இருக்கிறது.

ஆகவே அந்த வீட்டில் இப்போதும் நாலு பேர். மாதன், அவன் அம்மா, பையன், கண்ணாயி. ஆண் இரண்டு, பெண் இரண்டு. நீங்கள் போட்ட ஓட்டை எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பொன்னாயி